குர்லா ஸ்டேஷன் எடைச்சீட்டு

செம்பூர்,
15-11-1966

அண்ணாவுக்கு நமஸ்காரம்.

ஐந்து மாதம் கழித்து எழுதுகிறேனே, கோபம் ஆறிவிட்டது என்று எண்ணிக்கொள்ளாதே. ஆறவில்லை. இந்தக் கவருக்குள் ஒரு சீட்டு வைத்திருக்கிறேன். அதை உனக்குக் காட்டாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

வருஷா வருஷம் தீபாவளிக்கு மறுநாள் நீ என்னை மாட்டுங்கா ஸ்டேஷனுக்கு அழைத்துப் போய் எடை மெஷினில் ஏற்றி, விழுகிற சீட்டை வாங்கி உன் பையில் போட்டுக்கொள்வாய். இந்த வருஷம் நானே போனேன். உன் ஸ்டேஷனுக்கு இல்லை, குர்லாவுக்கு. காசு போட்டேன், விளக்கெல்லாம் சுற்றிற்று, சீட்டு விழுந்தது. எழுபது கிலோ. போன தீபாவளிக்கு எண்பத்திரண்டு என்று நீதானே எழுதி வைத்திருக்கிறாய். சரியாகப் பார்த்துக்கொள்.

ஜூன் மாதம் என் பிள்ளை கல்யாணத்தில், பெண்கள் பந்தியில், நெய்ச் செம்போடு வந்த நீ என் இலையை மட்டும் தாண்டிப் போனாய். ஏன் என்று கேட்டேன். "எங்க எலிகள்ல கொழுத்ததுக்குத்தான் முதல்ல கட்டி வரும், செண்பகம். நெய் வேண்டாம்" என்றாய். சம்பந்தி வீட்டு மாமிகள் இலையைப் பார்த்துக்கொண்டு சிரித்தார்கள். அன்று சாயங்காலத்துக்குள் எனக்கு "செம்பூர் எலி" என்று பெயர் வந்துவிட்டது. பிள்ளையைப் பெற்றவளுக்குக் கல்யாண மண்டபத்தில் கிடைத்த மரியாதை அது. இனிமேல் என் வீட்டு வாசற்படி ஏறாதே என்றேன். நீயும் ஏறவில்லை. சொன்னதை அப்படியே கேட்கிறவன் நீ.

உன் எலிகளிடம் இந்தச் சீட்டைக் காட்டு.

செண்பகவல்லி

*

மாட்டுங்கா,
19-11-1966

செண்பகத்துக்கு ஜம்பு ஆசீர்வாதம்.

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. மூன்று தடவை பதில் எழுதிக் கிழித்தேன். இது நான்காவது. இதையும் கிழித்துவிடுவேனோ என்று பயந்து, தபால் பெட்டிக்குப் பக்கத்து ஓட்டலில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

சீட்டைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. முதலில் மெஷின் தப்பாக இருக்கும் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதைவிட வேண்டிக்கொண்டேன் என்பதுதான் சரி. வியாழக்கிழமை மாட்டுங்கா ஸ்டேஷனில் நானே ஏறினேன். இத்தனை வருஷத்தில் நான் அதில் ஏறியதில்லை. ஐம்பத்து நாலு. அதே வேட்டி, அதே செருப்பு, அதே குடையோடு குர்லா போய் ஏறினேன். ஐம்பத்து நாலு. இறங்கி மறுபடி ஏறினேன். பின்னால் நின்ற ஒருவன், "க்யா சாச்சா, தோ மினிட்மே வஜன் பட் கயா க்யா?" என்றான். இரண்டு நிமிஷத்தில் எடை கூடிவிட்டதா என்று கேலி. எனக்குச் சிரிப்பு வரவில்லை. மெஷினில் தப்பு இல்லை.

பரேல் ஆராய்ச்சிக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷம் எலிகளை நிறுத்து எழுதியவன் நான். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. பி.எஸ்ஸி. படித்தேனே தவிர டாக்டர் இல்லை. அதனால் நான் சொல்வதைப் பாதியாக எடுத்துக்கொள். ஒரே தாயின் குட்டிகளை இரண்டு வரிசையாகப் பிரிப்போம். ஒரு வரிசைக்குக் கடலை எண்ணெய் கலந்த தீனி, வேண்டிய மட்டும். மற்றதற்கு அளந்து, மூன்றில் இரண்டு பங்கு. சனிக்கிழமைதோறும் நிறுப்பேன். ஒன்றரை வருஷம் போனால் கொழுத்த வரிசையில் பாதிக்கு மேல் கட்டி வந்திருக்கும். மெலிந்த வரிசையில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு. இதைத்தான் அன்று உளறினேன். சொல்லக்கூடாத இடத்தில் சொன்னேன்.

சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. கொழுத்த வரிசையில் ஏதாவது ஒரு எலி, தீனி குறையாமல் எடை மட்டும் குறைந்தால், அந்த எண்ணைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட வேண்டும் என்பது எங்கள் விதி. வட்டம் போட்டதில் முக்கால்வாசிக்கு உள்ளே கட்டி இருந்தது.

நீயாகச் சாப்பாட்டைக் குறைத்தாயா? ஆமாம் என்று ஒரு கார்டு போட்டால் போதும். வேறு எதுவும் எழுத வேண்டாம். என்னைத் திட்டக்கூட வேண்டாம்.

ஜம்பு

*

செம்பூர்,
22-11-1966

அண்ணா,

குண்டாக இருந்தால் எலி. இளைத்தால் சிவப்புப் பென்சில். நான் எப்படி இருந்தால் உனக்குப் பிடிக்கும் என்று ஒரு அட்டவணை போட்டு அனுப்பு.

நான் ஏன் சாப்பாட்டைக் குறைக்க வேண்டும்? யாருக்குப் பயந்து? வழக்கம்போலத்தான் சாப்பிடுகிறேன். கொஞ்சம் அதிகமாகவே சாப்பிடுகிறேன். ரேஷன் அரிசி கல்லும் மண்ணுமாக வந்தாலும் என் கையால் ஆக்கினால் தட்டில் மீதி இருக்காது என்று ருக்குவே சொல்கிறாள். மாட்டுப்பெண் வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, என் சமையலை அவள் அம்மாவிடம் புகழ்கிறாள். உனக்குத்தான் அது விஷமாகத் தெரிகிறது.

வட்டம் போட்ட எலிகளைப் பற்றி எழுதினாயே, கடைசியில் அவை என்ன ஆயிற்று என்று எழுதவில்லை. பாதியில் நிறுத்திவிட்டாய்.

செண்பகவல்லி

இன்னொன்று. இது எதிர்வீட்டு மாமிக்காகக் கேட்கிறேன். அவளுக்கு ஐம்பத்தாறு வயது. மாதாமாதம் விலகி உட்காருவது நின்று நாலு வருஷம் ஆகிறது. இப்போது மறுபடி வந்திருக்கிறதாம். உடம்பு தெம்பாகிவிட்டால் அப்படித் திரும்புவது உண்டா? நீ ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்தவன் ஆயிற்றே என்று கேட்கச் சொன்னாள்.

*

மாட்டுங்கா,
24-11-1966

செண்பகம்,

ஆசீர்வாதம். உன் கடிதம் நேற்று வந்தது. கடைசி ஆறு வரியை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. உடனே சட்டையை மாட்டிக்கொண்டு மாஹிம் போனேன். எங்கள் பழைய டாக்டர் ஓய்வு பெற்று அங்கேதான் இருக்கிறார். அவருக்குக் கீழே வேலை பார்த்த காலத்தில் அவரிடம் ஒரு கேள்வி கேட்டவன் இல்லை நான். நேற்று கேட்டேன். "எனக்குத் தெரிந்த ஒரு அம்மாள்" என்று ஆரம்பித்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். யார் என்று கேட்கவில்லை.

அவர் சொன்னதை மறப்பதற்குள் எழுதுகிறேன். கொழுப்பை நாம் ஓரமாகக் கிடக்கும் மூட்டை என்று நினைக்கிறோமாம். அவருக்கு அது ஒரு அடுப்பாகத் தோன்றுகிறதாம். சாப்பிட்டது அதில் சேர்வதும் கரைவதுமாக, அணையாமல் ஏதோ நடந்துகொண்டே இருக்கிறது. அங்கே என்ன தயாராகி ரத்தத்தில் கலக்கிறது என்று இன்னும் யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. வயதான பிறகு ஓய்ந்திருக்க வேண்டிய கர்ப்பப்பையை அது ஓய விடுவதில்லையோ என்று சிலர் சந்தேகிக்கிறார்களாம். கர்ப்பப்பைக் கட்டி என்ற அந்த வியாதியோடு வருகிற பெண்களில் கனத்த உடம்பும் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ளவர்கள் அதிகம் என்பதை மட்டும் பல ஊர் டாக்டர்கள் எழுதியிருக்கிறார்களாம். குண்டாக இருப்பவர்கள் எல்லோருக்கும் வரும் என்று அர்த்தமில்லை என்பதை அவர் இரண்டு தடவை சொன்னார். நானும் இரண்டு தடவை எழுதுகிறேன். எல்லோருக்கும் வராது.

ஆனால் நின்று ஒரு வருஷம் ஆன பிறகு ஒரு சொட்டு பட்டாலும் அது தெம்பு இல்லை. டாக்டர் பார்த்தாக வேண்டும். "இந்த வாரமா, அடுத்த வாரமா?" என்று கேட்டேன். "நாளைக்கு" என்றார்.

ஆகையால் எதிர்வீட்டு மாமியிடம் சொல். பரேல் ஆஸ்பத்திரியில் பெண் டாக்டர் செவ்வாயும் வெள்ளியும் காலை ஒன்பது மணிக்குப் பார்க்கிறார். பழைய துணி இரண்டு எடுத்துப் போகட்டும். தேதிகளைக் குறித்துக்கொண்டு போகட்டும். நான் சொன்னது தப்பாக இருந்து வீண் அலைச்சலாகப் போனால் அந்த மாமி என் வாசலில் வந்து நின்று, தெருவே கேட்கும்படி என்னைத் திட்டட்டும். நான் கையைக் கட்டிக்கொண்டு கேட்பேன்.

கல்யாணத்தன்று ஏன் அப்படிச் செய்தேன் என்று நீ கேட்கவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். உன் எடைச்சீட்டுகள் பதினொன்று என்னிடம் இருக்கின்றன. முதல் ஐந்து ராத்தல் கணக்கு; கிலோவுக்கு மாற்றி ஓரத்தில் எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு தீபாவளிக்கும் உன்னிடம் சொல்ல வேண்டும் என்று நினைப்பேன். பயந்து, சீட்டை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். கல்யாணத்தன்று மாடிப்படி ஏறி வந்து நீ மூச்சு வாங்கியதைப் பார்த்தேன். பதினொரு வருஷம் வராத தைரியம், கையில் நெய்ச் செம்பு இருந்தபோது வந்தது.

ஜம்பு

*

செம்பூர்,
2-12-1966

அண்ணா,

எதிர்வீட்டில் மாமி யாரும் இல்லை. அங்கே ஒரு சிந்திக்காரர் தனியாக இருக்கிறார். உனக்கும் தெரிந்திருக்கும். தெரியாதவன் மாதிரி எழுதினாயே, அதற்காக உனக்கு ஒரு நமஸ்காரம்.

ஆடி மாதத்திலிருந்து இப்படி இருக்கிறது. முதல் தடவை இரண்டு நாள். பிறகு ஐந்து, எட்டு என்று போயிற்று. புது மாட்டுப்பெண் வந்திருக்கிற வீட்டில், மாமியார் போய் மூலையில் விலகி உட்கார முடியுமா? ஊர் சிரிக்காதா? அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். ருக்கு விலகியிருக்கிற நாட்களில் மட்டும் என் துணிகளைத் துவைத்து, அவள் துணிகளோடு பின்கட்டுக் கொடியில் உலர்த்துவேன். மற்ற நாள் துணிகளை வாளியில் மூடி வைத்திருப்பேன். யாருக்கும் தெரியாது என்று இருந்தேன். தீட்டோடுதான் சமைத்தேன், சுவாமிக்கு விளக்கும் ஏற்றினேன். வேறு யார் ஏற்றுவது? அதற்குத்தான் இப்போது கூலி கிடைக்கிறதோ என்னவோ.

உன் கடிதத்தை அரிசி டின்னுக்கு அடியில் வைத்தேன். ருக்கு பம்பாயில் பிறந்தவள், தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள், அதனால் பயமில்லை. வெள்ளிக்கிழமை போகவில்லை. நாளை, நாளை என்று தள்ளினேன். திங்கட்கிழமை அவள் அடுக்களை வாசலில் வந்து நின்றாள்.

"அம்மா, நேக்கு மூணு நாள்தான். கொடியிலே ஏழெட்டு நாள் துணி தொங்கறதே, யாரோடது?"

நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டே, எதிர்வீட்டு மாமியோடது என்று சொல்லிவிட்டேன், அண்ணா. வாயில் அதுதான் வந்தது. அவள் சிரிக்கவில்லை. வந்து அடுப்பை அணைத்தாள்.

"புடவையை மாத்திண்டு வாங்கோ. டாக்டர்ட்ட போலாம்."

நாளைக்குத்தான் பெண் டாக்டர் இருப்பாள் என்று உளறினேன். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள். அரிசி டின்னைத் தூக்கிக் கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். ஒரு மணி நேரம் உட்கார்ந்து முழுவதையும் எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

செவ்வாய்க்கிழமை போனோம். மயக்கம் கொடுத்து உள்ளே சுரண்டி எடுத்திருக்கிறார்கள். பரிசோதித்துச் சொல்லப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகுமாம்.

இன்னொரு பொய்யும் சொன்னேன். நான் வழக்கம்போலச் சாப்பிடவில்லை. கல்யாணம் முடிந்த மறுநாளிலிருந்து நெய்யைத் தொடவில்லை. அரிசிப் பஞ்சம் என்று சர்க்கார் கேட்டுக்கொண்டதற்காக ஊரெல்லாம் திங்கட்கிழமை ராத்திரிச் சாப்பாட்டை விடுகிறார்களே என்று நானும் விட்டேன். பிறகு எல்லா ராத்திரியும் விட்டேன். அந்த மாமிகள் சிரித்தது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. எடை குறைந்தது அதனால்தான், உள்ளே இருப்பதனால் இல்லை. உனக்குப் பயந்துதான் குறைத்தேன் என்று எழுத மானம் இடம் கொடுக்கவில்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது. அந்த எலிகள் என்ன ஆயிற்று?

செண்பகம்

*

மாட்டுங்கா,
4-12-1966

செண்பகம்,

ஆக, என் சிவப்பு வட்டம் தப்பு. நீ பட்டினி கிடந்து இளைத்ததை நோய் என்று கணக்குப் போட்டு உன்னை விரட்டினேன். கணக்கு தப்பு, போய்ச் சேர்ந்த இடம் சரி. இப்படி ஒரு பக்கத்தை நான் எழுதியிருந்தால் டாக்டர் கிழித்துப் போட்டிருப்பார்.

நீ கூலி என்று எழுதியிருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. கொழுத்த வரிசை எலிகள் எந்தத் தப்பும் செய்யவில்லை. தட்டில் தீனியை வைத்தவர்கள் நாங்கள். உன் இலையில் இரண்டாம் தடவை பரிமாறியவர்களும், இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ என்று கையைப் பிடித்தவர்களும் நாம் எல்லோரும்தான். விளக்கேற்றியதற்கும் இதற்கும் சம்பந்தம் இருப்பதாக இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு இடத்திலும் நான் பார்க்கவில்லை.

ராத்திரிச் சாப்பாட்டை விடாதே. ஒரு பெரிய சிகிச்சை வேண்டியிருந்தால் உடம்பில் தெம்பு வேண்டும்.

நேற்று ஆஸ்பத்திரி வாசல்வரை போனேன். யாரிடமும் ஒன்றும் கேட்காமல் திரும்பிவிட்டேன். எதற்குப் போனேன் என்று தெரியவில்லை.

ஜம்பு

*

செம்பூர்,
14-12-1966

அண்ணா,

அதுதான் என்று சொல்லிவிட்டார்கள்.

டாக்டரம்மா மராத்திக்காரி. என் கையைப் பிடித்துக்கொண்டு ஹிந்தியில் மெதுவாகச் சொன்னாள். கர்ப்பப்பைக்குள்ளேயே இருக்கிறதாம், வெளியே பரவின மாதிரி கைக்குத் தெரியவில்லையாம். வயிற்றைத் திறந்து பார்த்தால்தான் நிச்சயம். அடுத்த வாரம் வியாழக்கிழமை வார்டில் சேரவேண்டும். முதலில் கட்டியைக் கருக்க உள்ளே ரேடியம் வைப்பார்கள். ஒரு மாதம் ஆறப்போட்டு, பிறகு கர்ப்பப்பையை எடுப்பார்கள். அவளிடம் எதையாவது கேட்கத் தெரியாமல், நான் குண்டாக இருந்ததால் வந்ததா என்று கேட்டேன். அது ஒரு காரணமாக இருக்கலாம், ஒல்லியானவர்களும் இந்த வார்டில் இருக்கிறார்கள், இனி அதைப் பேசி ஆகப்போவது ஒன்றுமில்லை என்றாள். சிறுநீரில் சர்க்கரையும் இருக்கிறதாம்.

என் பிள்ளைக்குச் சொன்னோம். ஒன்றும் ஆகாதும்மா, ஒன்றும் ஆகாதும்மா என்று பத்துத் தடவை சொல்லிவிட்டு ஆபீஸுக்குப் போய்விட்டான். சம்பந்தி அம்மாள் வந்து, பகவான் இருக்கிறார் என்று சொல்லிவிட்டுப் போனாள். எல்லோருக்கும் எவ்வளவு தைரியம்.

உன்னிடம் இரண்டு தடவை கேட்டுவிட்டேன். ஒன்றும் தெரியாதவன் மாதிரி தாண்டித் தாண்டிப் போகிறாய், அன்றைக்கு என் இலையைத் தாண்டின மாதிரி. இந்தத் தடவை தாண்டாதே. அந்தக் கொழுத்த எலிகளில் எத்தனை பிழைத்தது?

செண்பகம்

*

மாட்டுங்கா,
16-12-1966

செண்பகம்,

ஒன்றும் பிழைக்கவில்லை.

இதை எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தேன். ஆனால் இதோடு நிறுத்தினால் அது பொய்யாகும். முழுவதும் எழுதுகிறேன்.

பிழைக்க விடவில்லை என்பதுதான் உண்மை. குறித்த மாதம் முடிந்ததும் எல்லாவற்றையும் கொன்றுவிடுவோம். கட்டி வந்ததையும் வராததையும், கொழுத்ததையும் மெலிந்ததையும். கண்ணாடி ஜாடியில் பஞ்சு, பஞ்சில் ஈதர். நான்தான் செய்வேன். அதையும் சனிக்கிழமைதான் செய்வேன். அறுத்துப் பார்த்து, எண்ணி, அட்டவணையில் ஏற்றுவோம். இதை நான் வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. அதனால்தான் உன் கேள்வியைத் தாண்டித் தாண்டிப் போனேன்.

அட்டவணையை நேற்று முழுவதும் மனசுக்குள் புரட்டிப் பார்த்தேன். ஏதாவது ஒரு எலியின் கட்டியை எடுத்துவிட்டு, தையல் போட்டு, மறுபடி கூண்டில் விட்டு, எத்தனை நாள் ஓடுகிறது என்று பார்த்திருக்கிறோமா? இல்லை. ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. எங்கள் கேள்வி யாருக்கு வரும் என்பதோடு நின்றுவிட்டது. வந்த பிறகு என்ன ஆகும் என்று நாங்கள் கேட்டதே இல்லை. நீ கேட்கிற கேள்விக்கு என் நோட்டில் இடமே இல்லை, செண்பகம். நல்லதாகவும் இல்லை, கெட்டதாகவும் இல்லை. அதைச் சொல்லக்கூடியவர்கள் அந்த டாக்டரம்மாவும், அந்த வார்டிலிருந்து வீட்டுக்குப் போன பெண்களும்தான். போனவர்கள் இருக்கிறார்கள். மாஹிம் டாக்டரிடம் இன்று காலை மறுபடி போய்க் கேட்டேன். உள்ளேயே இருக்கும்போது எடுத்துவிட்டால் பாதிக்கு மேல் பெண்கள் பல வருஷம் நன்றாக இருக்கிறார்கள் என்றார். எத்தனை பேர் என்று எண் கேட்டேன். சிரித்து, "ஜம்பு, அவர்கள் எலிகள் இல்லை" என்றார்.

உனக்குத் தைரியம் சொல்லத்தான் எழுத ஆரம்பித்தேன். எனக்கு அது வரவில்லை. ஆறு மாதம் உன் வாசற்படி ஏறாமல் இருந்தது நீ சொன்னதற்காக மட்டும் இல்லை. வந்தால் உன் முகத்தில் ஏதாவது தெரிந்துவிடுமோ என்ற பயமும்தான். வியாழக்கிழமை நான் வரவேண்டுமா, வேண்டாமா என்று நீதான் சொல்லவேண்டும். நானாக முடிவு செய்தால் தப்பாகச் செய்வேன்.

ஜம்பு

*

செம்பூர்,
18-12-1966

அண்ணா,

எத்தனை எலி என்று கேட்டதற்கு நீ எப்படியும் ஒரு நல்ல பொய் எழுதுவாய் என்று நினைத்தேன். கவரைப் பிரித்து முதல் வரியைப் பார்த்ததும் கடிதத்தை ருக்குவிடம் நீட்டினேன். பிறகு மிச்சத்தை ருக்கு படித்தாள். இப்போது கொஞ்சம் வேகமாகவே படிக்கிறாள். அந்த ஜாடி இடம் வந்ததும் நிறுத்தினாள். படி என்றேன்.

டாக்டரம்மா கடந்த பத்து வருஷத்தில் என் எடை எப்படி ஏறிற்று என்று கேட்டாள். யாருக்குத் தெரியும், இப்படி எவனாவது எழுதி வைப்பானா என்று சொல்ல வாயெடுத்தேன். அப்புறம், எங்க அண்ணா எழுதி வைத்திருக்கிறான் என்றேன். அவள் நம்பவில்லை. பதினொரு சீட்டையும், குர்லா சீட்டையும் எடுத்துக்கொண்டு வா. ராத்தலை கிலோவாக மாற்றினது ஓரத்தில் இருக்கிறது அல்லவா?

வியாழக்கிழமை ஏழரைக்கு இங்கிருந்து கிளம்புகிறோம். நீ ஆறரைக்கே வந்துவிடு. வாசற்படியில் நின்று யோசிக்காதே. கூப்பிட ஆள் வரமாட்டார்கள், நீயே ஏறி உள்ளே வா. காபி தருகிறேன்.

ஒன்றும் ஆகாது என்று சொல்ல இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களோடு ரயிலில் பரேல் வரை போக என்னால் முடியாது. பயப்படுகிற ஆள் ஒருவர் பக்கத்தில் வேண்டும். நீ வா.

செண்பகம்